கடைசித் தாள்

எண்பத்து மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாற்பத்திரண்டு நாள், முத்தியால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் தொங்கியபடி கஞ்சி கொண்டுபோனேன்.

அந்த வார்டில் ஒரு காமிக்ஸ் புத்தகம் கட்டில் கட்டிலாகச் சுற்றியது. பச்சை முகமூடி போட்ட ஒருவன் பறந்துபோய், உடையப்போகும் அணையைத் தோளால் தாங்குகிற கதை. யார் வைத்த சட்டமோ, வீட்டுக்குப் போகிறவர் மட்டும்தான் கடைசித் தாளைப் புரட்டலாம். மற்றவர்கள் அதற்கு முன்பே மூடிவிட வேண்டும்.

"பறக்கிறவனா வந்து உனக்குக் கஞ்சி ஊத்தறான்?" என்று எரிந்து விழுவேன்.

"இருக்கட்டும் செல்வா. அவனாவது தாங்கறான்," என்பார்.

அன்று டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உள்ளே வந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வீட்டுக்குத்தான போறோம்," என்று புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

கடைசித் தாளே இல்லை. கிழிந்த ஓரம் மட்டும் புத்தகம் தைத்த கம்பிப் பின்னில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் பழுப்பேறி. இதற்கு முன் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போன அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

பக்கத்துக் கட்டில் காத்தவராயன் தலையைத் தூக்கினான். "அண்ணே, அணை நின்னுச்சா?"

"நின்னுச்சுப்பா. நீயும் ஒருநாள் பாப்ப," என்று புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, எழுந்து நிற்க என் தோளைப் பிடித்தார்.