பிரபு இருக்கிறார்

அன்று மதியம் என் கணவர் கண்ணையன் மூங்கில் தட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து தொங்கியது. சொன்னேன். "கீழ உக்காந்து பாக்கறவனுக்கு அதெல்லாம் தெரியாது செல்வி" என்றார். மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார். நாலு மணிக்கு டீயோடு எழுப்பப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை.

தட்டி நாடகத்துக்குக் கட்டியது. மில் மூடிய பிறகும் அவரும் கூட்டாளிகளும் வருஷம் ஒரு நாடகம் உப்பளம் மன்றத்து அரங்கத்தில் போட்டுவந்தார்கள். இந்த வருஷம் அவருடையது: ஜப்பானில் முந்நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு சாமுராய் பிரபுவின் கதை. நூலகத்தில் படித்துவிட்டு வந்து அவர் சொல்வார், நான் எழுதுவேன். பிரபு வேஷமும் அவருக்கே. சைக்கிளில் வாளைச் செருகிக்கொண்டு ஒத்திகைக்குப் போனால், குதிரை பஞ்சரா என்று கூட்டாளி தணிகாசலம் கேட்பாராம்.

பிரபுவுக்குப் பிள்ளை இல்லை. வாரிசு இல்லாமல் இறந்தால் கோட்டையும் நிலமும் நாட்டை ஆளும் ஷோகனுக்குப் போய்விடும், முந்நூறு வீரர்களின் குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும். கடைசி நேரத்தில்கூடத் தத்து எடுக்கலாம். ஆனால் அரசாங்க அதிகாரி முன்னால் பிரபு உயிரோடிருந்து முத்திரை இட வேண்டும். நம் பிரபு காலையில் இறந்துவிடுகிறார். அதிகாரி மாலையில் வருகிறார்.

அந்த இடத்தில், பிரபுவின் மனைவி அழுவாளா என்று என் கணவர் என்னைக் கேட்டார். அழ மாட்டாள், அந்த அறைக்கு வேளை தவறாமல் சாப்பாடு அனுப்புவாள் என்றேன். அப்படியே எழுதச் சொன்னார். தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஊழியன் பிரபுவின் குரலில் பேசி முத்திரை இடுவான். இது உண்மையிலேயே நடந்த வழக்கமாம். அதிகாரிகளும் தெரிந்தே தெரியாதவர்கள்போல எழுதிக்கொண்டு போவார்களாம்.

கருமாதி முடிந்த மறுநாள் தணிகாசலமும் மாலாவும் வந்தார்கள். தணிகாசலம் மில்லில் இவரோடு ஒரே ஷிப்டில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றவர், நாடகத்தில் அதிகாரி. மாலா, பிரபுவின் மனைவியாக நடிப்பவள். மன்றத்துக்குச் சொல்லி நாடகத்தை நிறுத்திவிடலாம் என்று வந்திருந்தார்கள். நிறுத்தினால் அடுத்த வருஷம் இவர்களுக்கு வேறு நாடகம் கிடைக்கும். என் கணவர் எழுதிய ஒரே நாடகம் நோட்டிலேயே கிடக்கும்.

"பிரபு இல்லாம இன்னா நாடகம் அண்ணி?" என்றார் தணிகாசலம்.

"நாடகமே பிரபு இல்லாம நடக்கறதுதான?" என்றேன்.

தணிகாசலம் நோட்டை எடுத்துப் புரட்டினார்.

பிரபு உயிரோடு வரும் முதல் காட்சியை எடுத்துவிட்டு, அதை மாலாவே வசனத்தில் சொல்லட்டும் என்றேன். தட்டிக்குப் பின்னால் நான் உட்காருகிறேன். மாலா தயங்கித்தான் கேட்டாள், பொம்பளைக் குரல் என்று தெரிந்துவிடாதா என்று. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். துக்க வீட்டுக்காரி மேடை ஏறுவதா என்று தெருவில் பேசினார்கள். நான் ஏறவில்லை, பின்னால்தான் உட்காருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு மாலை. மில் ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாலா சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கு அடியில் தள்ளினாள். அழவில்லை, எழுதியபடியே செய்தாள். தணிகாசலம் அதிகாரியாக வந்து உட்கார்ந்து கேட்டார்: "பிரபு, தாங்கள்தானா? ஒரு குரல் கொடுங்கள்."

நான் இருமினேன்.

சின்னதாக இரண்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு நெஞ்சை வாரிக்கொண்டு வரும் நீளமான ஒன்று. முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல். அதில் ஆண் குரல், பெண் குரல் என்று ஒன்றும் இல்லை, பஞ்சுதான் இருந்தது.

முன்வரிசையில் யாரோ "கண்ணையா" என்றார்கள், மெதுவாக. அடுத்து தணிகாசலத்துக்கு நாலு வரி வசனம் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தத்துக் கடிதத்தைத் தட்டியருகே நகர்த்தினார். நான் அவசரப்படவில்லை. தட்டிக்கு அடியில் கையை நீட்டி, கடிதத்தில் முத்திரையை அழுத்தினேன்.

"போதும்" என்றார். நாங்கள் எழுதாத வசனம் அது. "பார்த்துவிட்டேன். பிரபு இருக்கிறார்."

கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். வாரிசு நிலைத்தது, கோட்டை தப்பியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மாசி மாதம் வீராம்பட்டினத்தில் மறுபடியும் போடுகிறோம். அதுவரை தட்டியை எங்கள் முன் ஜன்னலில் மாட்டியிருக்கிறேன். வலது பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்துதான் தொங்குகிறது.