மெர்சி ஆற்றங்கரையில் ஒரு சால்வை

உலக இசை வரலாற்றில் சேக்காட்டுக்கும் லிவர்பூலுக்கும் நேரடி உறவு ஏற்பட்ட நாள் சென்ற ஏப்ரல் பதினேழு. அன்றுதான் சேக்காடு சபையின் பாடகர் குழுத் தலைவர் எட்மண்ட், தோளில் கிடாரும் பக்கத்தில் மனைவி ஹில்டாவுமாக, பாட்டுக்குப் பேர்போன அந்தத் துறைமுக நகரத்தில் கால் வைத்தார். அங்கே நர்ஸாக இருக்கும் மகள் பெனிஷாவுக்குப் பிரசவமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. குழந்தைத் துணி காயப்போட வீட்டில் ஆள் இல்லை.

சபையின் வாட்ஸ்அப் குழுவில் இது 'இசைப் பயணம்' என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவித்தவர் எட்மண்ட். பக்கத்து ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் கிடார் வாசித்துப் பாட்டு நடத்துகிறார். பிப்ரவரியில் கமிட்டி கூடி, பாடகர் குழுவை ஜாபஸிடம் கொடுத்துவிடலாமா என்று பேசி, மே மாதம் முடிவு செய்வதாக எழுதி வைத்தது. ஜாபஸுக்கு வயது இருபத்தெட்டு. அவனிடம் ஒரு கீபோர்டு இருந்தது. அதற்குள் தபலா, வயலின், நாற்பது பேர் கைதட்டும் சத்தம் எல்லாம் இருந்தன.

"நீங்க சும்மா ஒக்காந்துகினு பாருங்க அங்கிள். எல்லாம் அதுவே வாசிச்சிக்கும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எட்மண்டுக்குத் தாங்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, பருப்பு கழுவிக்கொண்டிருந்த ஹில்டாவிடம் அவர் மனதைத் திறந்தார். "இத்தினி வருசமா கண்ண மூடிக்கினு கீறவங்களுக்கே வாசிச்சிட்டேன். ஒருத்தனாச்சும் கண்ணத் தொறந்து என்னப் பாத்துகினு கேக்கணும் ஹில்டா."

"ஜெபத்துல கண்ணத் தொறந்தா தப்புங்க" என்றாள் ஹில்டா. பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, "வெள்ளக்காரன் தொறந்து வச்சிருப்பான்" என்றும் சொன்னாள்.

லிவர்பூலில் முதல் பதினொரு நாள் எட்மண்ட் பார்த்தது ஒரு ஜன்னலை. ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர், அதன் மேல் ஒரு பூனை. ஹீட்டரின் மேல் சின்னச் சின்னச் சட்டைகளை வரிசையாகப் போட்டு, திருப்பி, மடித்து, மறுபடியும் போட்டார். கிடார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை, மருமகனுக்கு விடுமுறை. "மம்மியக் கூட்டிட்டு ஆத்தங்கர வரைக்கும் போய்ட்டு வாங்க டாடி" என்றாள் பெனிஷா. "அதுக்கு கிடார் எதுக்கு?"

"அதுவும் ஊரப் பாக்கட்டும்" என்றார் எட்மண்ட்.

பஸ்ஸில் ஆற்றின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. மெர்சி. எட்மண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெர்சின்னா இரக்கம், ஹில்டா. இரக்கத்தின் நதி." ஆற்றின் பெயருக்கு எழுத்து வேறு, அர்த்தம் வேறு என்பதை அவருக்குச் சொல்ல பஸ்ஸில் யாருக்கும் அவசியம் இல்லை. இறங்கிப் பார்த்தால் இரக்கத்தின் நதி செம்மண் கரைத்தது போல அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. "கூவத்துல நெறைய தண்ணி வந்தா இப்பிடித்தாங்க இருக்கும்" என்றாள் ஹில்டா. எட்மண்ட் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பனி ஆற்றின் மேல் தரையிறங்காமல் நின்றது. எதிர்க்கரை இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது. பழைய கட்டிடத்தின் உச்சியில் இரண்டு பெரிய பச்சைப் பறவைச் சிலைகள் பறக்கப்போவது போல இறக்கை விரித்து, பறக்காமல் இருந்தன. படகு ஒன்று வருகிறதா போகிறதா என்று தெரியாதபடி நடுவில் மிதந்தது. எங்கேயோ யாரோ பாடினார்கள். காற்று அதைப் பாதி கொண்டுவந்து கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு போனது. இந்தக் கல்லில், இந்தப் படிகளில் இருநூறு வருடமாக மாலுமிகள் பாட்டுகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எட்மண்டுக்குத் தோன்றியது. ஒன்றிரண்டு இன்னும் எடுக்காமல் கிடக்கலாம்.

ஹில்டாவைச் சற்றுத் தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். படியருகே வந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி அதற்குள் திணித்தார். சபையில் செருப்போடு யார் வாசிப்பார்கள். ஊரில் தைத்த கோட்டு தோளில் தொங்க, வெறுங்காலோடு குளிர்ந்த கல்லில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான். ஆனால் விரல் இங்கே வேறு மாதிரி போனது. கப்பல் ஒன்று ஊதியது. அது தன்னுடைய சுருதியிலேயே ஊதியதாக அவர் நம்பினார். இரண்டாம் சரணத்தை அதற்காக இழுத்து வாசித்தார். தலைமுடியைப் பச்சையாக்கிய ஒரு பெண் நின்றாள். நாயோடு வந்தவர் நின்றார். நாயும் உட்கார்ந்தது. மூன்று ஜோடிக் கண்கள், எல்லாம் திறந்திருந்தன. எட்மண்டுக்குக் கால் மரத்துப்போனது, அது மேகத்தில் வைத்தது போல இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. ஊரில் இதைச் சொல்லும்போது ஒரு மணி நேரம் என்பார். பதினைந்து நிமிடம்.

அப்போது நீலச் சட்டை போட்ட ஒரு அம்மாள் வந்து, அவர் முன்னால் முட்டிபோட்டு, முகத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். எட்மண்டுக்குப் புரிந்தது இரண்டு சொல்: 'பியூட்டிஃபுல்', 'டுநைட்'. பிறகு கையிலிருந்த சாம்பல் நிறக் கம்பளித் துணியை விரித்து அவருடைய இரண்டு தோளிலும் போர்த்தி, முன்னால் இழுத்துவிட்டு, ஒரு முறை தட்டிக்கொடுத்தார். பக்கத்தில் ஒரு கப் சூப்பும் வைத்தார்.

எட்மண்ட் எழுந்து கைகூப்பினார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் பார்த்த சால்வைகள் எத்தனை. கவுன்சிலருக்குப் போட்டார்கள், மைக்செட்காரருக்குப் போட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலி நன்கொடை கொடுத்தவருக்குப் போட்டார்கள். ஒரு கிறிஸ்துமஸில் சால்வை நேராக அவரை நோக்கி வந்தது. அவரும் தலையைத் தாழ்த்தினார். அது பின்னால் நின்றவருக்கு.

பெஞ்சிலிருந்து ஹில்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த அம்மாள் வந்த வேனும் தெரிந்தது. வேனின் பின்பக்கம் பெரிய பாத்திரத்தில் சூப். எதிரே ஏழெட்டுப் பேர் வரிசை, எல்லாரிடமும் வீட்டையே கட்டிக்கொண்டு வந்தது போல மூட்டை. எல்லார் தோளிலும் அதே சாம்பல் நிறம்.

எட்மண்ட் சால்வையோடு வந்து நின்றார். மூக்கு சிவந்திருந்தது. "இன்னா ஹில்டா, பாத்தியா?"

"பாத்தேங்க."

"எனக்கு முன்னாடி முட்டி போட்டாங்க."

ஹில்டா வேனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் வேன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "ஒங்களுக்கு எடுப்பா கீதுங்க" என்றாள். "ஷூவப் போடுங்க மொதல்ல. ஜன்னி வந்துரும்."

போனில் அவள் எடுத்திருந்த படத்தில் வேன் விழுந்திருந்தது. அன்று மாலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, படத்தின் ஓரத்தை வெட்டுவது எப்படி என்று பெனிஷாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். எதற்கு என்று மகள் கேட்டதற்கு, "சும்மா, அழகுக்கு" என்றாள்.

மே இரண்டாவது ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபை ஹாலில் கூட்டம். வெளியே அனல். எட்மண்ட் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் வந்தார். திரையில் படம் விழுந்தது: ஆறு, பனி, தோளில் சால்வையோடு கைகூப்பி நிற்கும் எட்மண்ட். எட்மண்ட் இரக்கத்தின் நதியைப் பற்றிச் சொன்னார். போதகர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

ஜாபஸ் திரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்தான். "இன்னா அங்கிள், லிவர்பூல்லயே போத்திட்டானுங்களா? சொல்லவே இல்ல." அவன் குரலில் கேலி இல்லை. "நைனா, நான் கீபோர்டு தட்டி இன்னா பண்றது. நீங்க முன்னாடி வாசிங்க, நான் பின்னாடி வரேன்."

கமிட்டி அதையே தீர்மானமாக எழுதியது. போதகர் சால்வையை ஒரு முறை வாங்கி, சபையின் சார்பில் அதையே திரும்பவும் போர்த்தினார். ஹில்டாவையும் மேடைக்கு அழைத்து எட்மண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "ஜெபிப்போம்" என்றார் போதகர். எல்லாரும் கண்ணை மூடினார்கள். எட்மண்டும் மூடினார். வியர்வை காதோரம் இறங்கி, கம்பளிக்குள் போனது. போதகர் போர்த்திய வேகத்தில் கம்பளியின் மூலை ஒன்று வெளிப்பக்கம் மடிந்து கிடந்தது. ஹில்டா கண்ணைத் திறந்து, அதைச் சரிசெய்யக் கை நீட்டினாள்.

மூலையில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தது. அதை யாரோ நகவெட்டியால் வெட்டியிருந்தார்கள். கோணல் மாணலாக, அவசரமாக. நகவெட்டி வீட்டில் ஒன்றுதான் உண்டு, அது எட்மண்டின் சவரப் பெட்டியில் இருக்கும்.

சீட்டு முழுவதும் போகவில்லை. கடைசி வரி மிச்சமிருந்தது. இரவில் படுக்க இடம் இல்லாதவர்கள் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்.