பொடி வெடக்

பஞ்சு பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று முதலில் சொன்னவள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் அடுத்த வீடான பக்கத்துக் காம்பரா லெட்சுமிதான். பஞ்சு ஒரு வெள்ளை முயல். தோட்டத்து மனேஜர் மாற்றலாகிப் போனபோது அவருடைய பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன குட்டி. பங்களாத் தோட்டக்காரன் செபமாலை அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து மனைவி அந்தோனியம்மாவின் மடியில் விட்டான். சில மாதம் சாதுவாக வளர்ந்த முயல், திடீரென்று தாடையை அடுப்புக் கல்லிலும் டிரங்குப் பெட்டியிலும் தேய்ப்பதும், கூட்டுக்குள் கையை விட்டால் உறுமிக்கொண்டு பாய்வதுமாக ஆட்டம் போடத் தொடங்கியது.

"ஒம் மக வயசுக்கு வந்துட்டா அக்கா. சடங்கு எப்ப வைக்கப் போற?" என்று லெட்சுமி சிரித்தாள்.

லெட்சுமியின் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அந்தோனியம்மாவிடம் மகள் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர.

அந்தோனியம்மா பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைத் தொட்டிலாட்டி, பால்மா கரைத்துக் கொடுத்து, சாயங்காலம் அவரவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளுக்கென்றும் ஒன்று இருந்தது. ஸ்டெல்லா. பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் தோட்டமே அல்லாடிய அந்தப் பஞ்ச காலத்தில் வயிற்றோட்டம் கண்டு போய்விட்டது. இன்னொன்று பிறக்காமலா போகும் என்று வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பிறக்கவில்லை. ஸ்டெல்லா பிறந்த ஆஸ்பத்திரியிலேயே அந்த வழியை அடைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அடைத்தது அவளுக்கே தெரியாது. பிரசவம் முடிந்த மறுநாள் நர்ஸ் நோனா கட்டிலருகே வந்து சிங்களத்தில் கடகடவென்று ஏதோ சொன்னாள். அதுவரை தன் ஊர் அக்கரப்பத்தனையைத் தாண்டாத, சிங்களம் தெரியாதவளுக்கு அதில் ஒரு சொல்தான் காதில் ஏறியது. பொடி. ஏதோ மருந்துப் பொடி தரப் போகிறார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டினாள். பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றினார்கள். நர்ஸ் சொன்னது 'பொடி வெடக்' என்பதும், அதற்குச் சின்ன வேலை என்று அர்த்தம் என்பதும், பிள்ளையைப் புதைத்து வெகுநாள் கழித்துத் தோட்டத்து மருந்துக்கார ஐயா சொல்லித்தான் தெரிந்தது. தலையாட்டினாள் என்பதற்காக வயிற்றையே பூட்டிவிட்டார்கள் பாவிகள். யாரிடம் போய் நியாயம் கேட்பது?

லெட்சுமியின் புருஷன் பொன்னையா கறிக்காக வளர்த்த கிடா முயல் ஒருநாள் கூட்டைக் கடித்துக்கொண்டு வந்து பஞ்சுவின் கூட்டுக்குள் புகுந்தது. அந்தோனியம்மா அதை விரட்டவில்லை. பார்க்காதவள்போல் உள்ளே போய் அரிசி களைந்தாள்.

கொஞ்ச நாளில் பஞ்சு புல்லை வாயில் அள்ளி மூலையில் குவித்தது. தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கி அதன்மேல் பரப்பியது.

"இங்க பாருங்க, புள்ளைக்கு மெத்த போடுறா," என்று அந்தோனியம்மா புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. செபமாலைக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது.

பெட்டியிலிருந்த ஸ்டெல்லாவின் பிளானல் சட்டையை எடுத்து அவள் கூட்டுக்குள் விரித்தாள். குட்டி வரவில்லை. பஞ்சு வெறும் மயிர்க்குவியலைச் சுற்றிச் சுற்றிக் காவல் காத்தது. பிறகு அதை மறந்துவிட்டுப் புல் தின்னப் போனது. அடுத்த தடவையும் அதே கதைதான். இதுவும் நம்மைப்போலத்தானோ என்று அந்தோனியம்மா நினைத்தாள். இருவரும் பஞ்சுவைக் கூடையில் வைத்து பஸ் ஏறி நுவரெலியா மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சிங்கள டாக்டர். தமிழ் ஓரளவு பேசுவார். பொறுமையாக வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"குட்டி இல்ல. பொய்ச் சினை. வயித்தில குட்டி இருக்கு எண்டு அது நினைக்குது, அவ்வளவுதான். ஆனா கர்ப்பப்பை கொஞ்சம் தடிச்சிருக்கு. பொம்பிள முயலுக்கு இத அப்பிடியே விட்டா கட்டி வரும். இப்ப எடுத்துட்டா நல்லா இருக்கும். கோபமும் குறையும்."

மனுஷன் அக்கறையோடுதான் சொன்னார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பயப்பட வேணாம் அம்மே, பொடி வெடக்," என்றார்.

அந்தோனியம்மா பஞ்சுவைக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். செபமாலை பஸ் நிலையத்தில்தான் அவளைப் பிடித்தான்.

"நல்லதுக்குத்தானே சொல்றாரு புள்ள."

"எனக்கும் நல்லதுக்குன்னுதான் செஞ்சாங்க."

அவன் போய் அக்கரப்பத்தனை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தான்.

பஞ்சு அதன்பிறகு இரண்டொரு வருஷம் இருந்தது. அடிக்கடி மெத்தை போடும், காவல் காக்கும், மறக்கும். கடைசியில் ஒரு பனிக்காலத்தில் புல்லில் இரத்தம் தெரிந்தது. அந்தோனியம்மா புல்லை மாற்றினாள். மறுநாளும் மாற்றினாள். பஞ்சு தின்பதை நிறுத்தியபிறகுதான் செபமாலை அவளிடம் ஒன்றும் கேட்காமல் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவளும் பின்னால் ஓடினாள்.

அதே டாக்டர். கை வைத்ததுமே முகம் மாறிவிட்டது.

"கட்டி பெருசாயிட்டுது. மூச்சும் இழுக்குது. இனி ஒண்டும் செய்ய ஏலாது. அண்டைக்கே ஏன் வெட்ட விடல்ல?"

"அதுகிட்ட கேக்காம எப்படிங்கய்யா வெட்டுறது?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முயல்கிட்ட யாரு அம்மா கேக்கிறது?"

"என்கிட்டயும் யாரும் கேக்கலீங்க."

டாக்டர் செபமாலையைப் பார்த்தார். செபமாலை தரையைப் பார்த்தான். டாக்டர் அலுமாரியைத் திறந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தார். ஊசியில் மருந்தை ஏற்றப் போனவர், அப்படியே நின்று அவள் பக்கம் திரும்பினார்.

"வலி இல்லாம போயிரும். போடவா அம்மா?"

ஆஸ்பத்திரி என்று ஒன்றை அவள் மிதித்த நாளிலிருந்து அவளிடம் யாரும் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தோனியம்மா குனிந்து பஞ்சுவின் நீளக் காதில் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று செபமாலைக்கு விளங்கவில்லை. பஞ்சு கழுத்தை வளைத்துத் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கப் பார்த்தது. பலமில்லை.

அந்தோனியம்மா தலையை ஆட்டினாள்.