கண்ணாடியில் தெரிந்த முகம்

பிறந்தநாள் விழாக்களுக்கு வேஷக்காரர்களை அனுப்பும் பார்ட்டிக்காரருக்கு அன்று ஓர் ஆள் குறைந்தது. நிலநடுக்கம் வந்துபோன ஒன்பதாவது நாள். முகாமில் கிடக்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் சிரிக்கவைக்க மூன்று சூப்பர் ஹீரோக்களை அனுப்புவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நீலப் பருந்தாக வருகிறவருக்கு இடிபாடு தூக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஸ்கூல் வேன் டிரைவரிடம் வந்து கேட்டார்.

"முகமூடி மூஞ்சியை முழுசா மூடுமா?" என்று மட்டும்தான் அவன் கேட்டான்.

"மூச்சு விட ரெண்டு ஓட்டை, பார்க்க ரெண்டு ஓட்டை. பெத்த அம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

"அப்ப வர்றேன்."

"நீதான் ஏற்கெனவே ஹீரோவாச்சே, உனக்கு எதுக்குய்யா வேஷம்!" என்று பார்ட்டிக்காரர் முதுகில் தட்டினார். அவனுக்கு உள்ளே சுருக்கென்றது. சிரித்து வைத்தான்.

ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நிலநடுக்கம் வந்த அன்று மதியம் பள்ளி விட்டதும் பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிடங்குத் தெருவில் போகும்போது வண்டி ஆடியது. டயர்தான் போய்விட்டது என்று ஓரங்கட்டினான். அடுத்த ஆட்டத்தில் எதிரே நின்ற விளக்குக் கம்பம் வளைந்து இறங்கியது. அவ்வளவுதான். கை தானாகக் கதவைத் திறந்தது, கால் தானாக ஓடியது. கிடங்குச் சுவர் வேனின் பின்பாதியில் சரிந்தது அவனுக்கு வெறும் சத்தமாகத்தான் தெரியும். தெருமுனை மைதானத்தில் போய் நின்ற பிறகுதான் பிள்ளைகள் நினைவே வந்தது. அப்போதும் கால் திரும்பவில்லை. கடப்பாரையோடு நாலு கொத்தனார்கள் அந்தப் பக்கமாக ஓடினார்கள். அவர்கள் பின்னால் போனான்.

பிள்ளைகளை வெளியே எடுத்தவர்கள் அந்த நாலு பேர்தான். ஒரு பையனுக்குக் கால் முறிந்திருந்தது, ஒரு சிறுமிக்குக் கை. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். "நல்லவேளை, டிரைவர் ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வந்தார்" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, அது பற்றிக்கொண்டது. அவன் இல்லை என்று சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாமல் விட்டதை இரண்டாம் நாள் சொல்ல நா எழவில்லை. மூன்றாம் நாள் ஒரு பிள்ளையின் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதன்பிறகு கேட்பானேன்.

முகாம் ஓர் உள்விளையாட்டரங்கத்தில் இருந்தது. கூடைப்பந்து வளையத்தில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். தீப்பொறி ராணி வாயிலிருந்து வண்ணக் காகிதமாக இழுத்துக்கொண்டிருந்தாள். இடிவீரன் ஏழெட்டு வாண்டுகளோடு கைமல்லுக்கு உட்கார்ந்து, வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தான். நீலப் பருந்தின் அங்கியைப் பிடித்து நாலு பேர் தொங்கினார்கள்.

"பறந்து காட்டுங்க!"

"இறக்கையைச் சர்வீசுக்கு விட்டிருக்கேன். வர ரெண்டு நாளாகும்."

பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவனும் ஒரு நிமிஷம் தன்னை மறந்து சிரித்தான்.

அப்போதுதான் நர்ஸ் வந்து அவனைத் தனியே கூப்பிட்டாள். "அந்த மூலையில ஒரு பொண்ணு இருக்கா பாருங்க. ஒன்பது நாளா வாயே திறக்கல. கைக்கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வண்டி பக்கமே வரமாட்டேங்குறா. நீங்க பேசினா ஒருவேளை மசிவா."

பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. ஆறு வயசு. அவனுடைய வேன் பிள்ளைதான். ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஓயாத வாய் என்பதால் அவன்தான் 'ரேடியோ' என்று பேர் வைத்திருந்தான். நழுவிவிடலாமென்று திரும்பினான். நர்ஸின் கை முதுகில் இருந்தது.

போய் உட்கார்ந்தான். பக்கத்தில் அவளுடைய அம்மா. "பாப்பா பேரென்ன?" என்று குரலைக் கரகரப்பாக்கிக் கேட்டான். அங்கியின் ஓரத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தவள், வெகுநேரம் கழித்து மெல்லக் கேட்டாள்:

"நீங்க யாரைக் கேட்டாலும் கண்டுபிடிப்பீங்களா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்டுபிடிப்பேனே."

"எங்க வேன் மாமாவைக் கூட்டிட்டு வாங்க. நான் சாரி சொல்லணும்."

"எதுக்குக் கண்ணு சாரி?"

"ஜன்னல் சீட்டு எனக்குத்தான்னு கத்தினேன். இன்னும் ஒரு சத்தம் வந்தா எல்லாரையும் விட்டுட்டு இறங்கிப் போயிடுவேன்னு மாமா சொன்னார். நான் திரும்பக் கத்தினேன். மாமா போயிட்டார். சுவர் விழுந்துருச்சு. பின் சீட்டு அண்ணன் கால் என்னாலதான் உடைஞ்சுது."

தினம் பத்துத் தடவை அவன் சொல்லும் பேச்சு அது. சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொய் இருந்தது. அதை எடுத்துக்கொண்டான். "மாமா கோவிச்சுக்கலடா. என்னைக் கூப்பிடத்தான் ஓடி வந்தார்."

"இல்ல." அவள் தலையை ஆட்டினாள். "வேன்ல மேல இருக்குற கண்ணாடியில மாமா மூஞ்சியைப் பார்த்தேன். ரொம்பக் கோவமா இருந்துச்சு."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. முகமூடியைக் கழற்றினான்.

"அது கோவம் இல்ல. பயம். மாமா பயந்துட்டேன். நீ கத்தினது என் காதிலேயே விழல. யாரையும் கூப்பிடவும் ஓடல. என் உயிருக்குப் பயந்து ஓடினேன்."

அவள் சட்டென்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினாள். அம்மா அவனையே பார்த்தாள்.

"ஆளைக் கூட்டிட்டு வரப் போனதாச் சொன்னாங்களே, அண்ணே."

"இல்லம்மா."

"உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே நான்."

அவன் குனிந்து முகமூடியைச் சுருட்டினான்.

"எந்திரிச்சுப் போயிடுங்க."

போனான். அதே சூட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கால் முறிந்த பையனின் அப்பாவிடமும் சொன்னான். அவர் அடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திரும்பி, மகனின் போர்வையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார். பள்ளியிலும் சொன்னான்; வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பார்ட்டிக்காரர் மட்டும், "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்யா" என்றார்.

மறுநாள் காலை சிறுமியின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "அதையே வந்து திரும்பச் சொல்லுங்க. கேட்டுக்கிட்டே இருக்கா. நான் சொன்னா நம்பமாட்டேங்குறா." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்காகக் கூப்பிடல" என்றாள்.

வேஷமில்லாமல் போனான். முதல் மூன்று நாளும் ஒரே கேள்விதான். நான் கத்தினதாலயா? இல்லை. நிஜமாவா? நிஜமா. அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் மதியம் சிறுமி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்க் கட்டு மாற்றிவந்தாள். அவன் தூரத்தில் நின்று பார்த்தான்.

நாலாம் நாள் அவள் கேள்வி மாறியது.

"எது வரைக்கும் ஓடினீங்க?"

"மைதானம் வரைக்கும்."

"திரும்பிப் பார்த்தீங்களா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது அவனுக்கு.

"பார்க்கல."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.