ஆறு வருஷத் தலைநகர்

கல்கத்தாவில் இரண்டு வருஷம் படியேறி இறங்கியும் கிடைக்காத எழுத்தர் வேலை, வெள்ளைக்காரன் வங்காளத்தை இரண்டாக்கி டாக்காவைக் கிழக்குப் பகுதிக்குத் தலைநகராக்கிய மறு வருஷமே கஃபிலுத்தீனுக்குக் கிடைத்துவிட்டது. விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் முஸ்லிம் என்று எழுதினான். அந்தச் சொல் ஒரு கதவைத் திறக்கும் என்று அதுவரை அவன் எண்ணியதில்லை.

வேலை வந்தது, நண்பன் நிபாரண் போனான். இருவரும் பிக்ரம்பூரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், டாக்காவில் அடுத்தடுத்த வீடு. நிபாரண் பள்ளி வாத்தியார். பிரிவினைக்கு ஒரு வருஷம் நிறைந்த அன்று மஞ்சள் நூலோடு வந்தான்.

“கையை நீட்டுடா. வங்காளம் ஒண்ணுதான்னு ஊரே கட்டிக்குது.”

கஃபில் நீட்டினான்.

“கட்டிக்கிட்டா அந்த வேலைய விட்டுடணும். நம்மளப் பிளந்தவன் ஆபீசு அது.”

“உங்க அண்ணன் கல்கத்தாவுல யார்கிட்ட வேலை பாக்குறாரு? அதே வெள்ளைக்காரன்கிட்டதானே? நான் மட்டும் ஏன்டா விடணும்?”

நிபாரண் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதன்பின் ஐந்து வருஷம், ஒரே சந்தில் எதிரெதிரே வந்தாலும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. கஃபிலின் மனைவி இறந்தபோதுகூட நிபாரண் வீட்டு வாசல் திறக்கவில்லை.

1911 டிசம்பரில் டெல்லியிலிருந்து தந்தி வந்தது. பிரிவினை ரத்து. டாக்கா இனித் தலைநகரில்லை. செயலகத்தில் எவரும் பேனாவைத் தொடவில்லை.

“நம்மள ஒரு வார்த்தை கேட்டானா மியான்?” என்றார் தலைமை எழுத்தர் ஐனுத்தீன். “சாயங்காலம் மசூதிக்கு வாங்க. மனு போடுறோம். இனி நம்மளுக்கு நாமதான்.”

கஃபில் நேராக நிபாரண் வீட்டுக்குப் போனான். மனத்தில் இருந்ததைச் சொல்ல வேறு ஆள் அவனுக்கில்லை. உள்ளே சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். நிபாரண் ஓடிவந்து அவன் கையில் சந்தேஷ் இனிப்பு ஒன்றை வைத்தான்.

“ஜெயிச்சுட்டோம்டா! ஆமா, உங்க ஆளுங்க கோவமா இருக்காங்களாமே?”

“எந்த ஆளுங்கடா?”

நிபாரணின் சிரிப்பு நின்றது. உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “இரு, வந்துடறேன்” என்று போனான். சங்கு மறுபடி ஒலித்தது. கஃபில் வெகுநேரம் நின்றான். நிபாரண் வரவில்லை. இனிப்பைத் திண்ணை மேல் வைத்துவிட்டு நடந்தான்.

மசூதி முற்றத்தில் இருநூறு பேர். எல்லோரும் அவனை பாய் என்றார்கள், தோளில் கை போட்டார்கள், நெருங்கி இடம் விட்டார்கள். மனுவை நீட்டியவர் பெயரும் மாவட்டமும் மட்டும் கேட்டார். கஃபில் கையெழுத்திட்டான். நிபாரணைப் பற்றி யாரிடமாவது சொல்ல வாயெடுத்தான். “அவங்கள விடுங்க பாய்” என்று பக்கத்திலிருந்தவர் திரும்பிக்கொண்டார்.

கல்கத்தாவுக்கு மாற்றி வந்த உத்தரவை கஃபில் ஏற்கவில்லை; வேலை போயிற்று. நிபாரண்தான் வீட்டை விற்றுவிட்டு அண்ணனிடம் கல்கத்தா போனான். கஃபிலின் கையெழுத்து அழகு என்பதால் முஸ்லிம் சங்கத்தார் அவனை மனு எழுத வைத்துக்கொண்டார்கள். டாக்காவுக்குப் பல்கலைக்கழகம் வேண்டும், நகராட்சியிலும் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று வருஷக்கணக்காக எழுதினான். அதில் ஒன்றும் பொய்யில்லை என்று அவன் நம்பினான். மாலையில் வீடு திரும்பி, ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடித்துச் சாப்பிட்டான்.