இருபத்தைந்து கட்டைகளும் என் நாக்கும்

உப்பை அளக்க உலகத்தில் கருவியே வேண்டாம். என் நாக்கு போதும். ஒரு சொட்டுத் தண்ணீரை நுனி நாக்கில் வைத்தால், அது ஆற்றின் எந்த வளைவில் மொண்டது, அப்போது கடல் ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா, மொண்டவர் செருப்புப் போட்டிருந்தாரா என்பது வரை சொல்லிவிடுவேன். செருப்பு விஷயத்தில் மட்டும் எப்போதாவது தவறும்.

சும்மா வந்துவிடவில்லை இந்த நாக்கு. ஆறு கடலில் கலக்கிற இடத்தில் முப்பத்துநான்கு வருஷம் மதகுக் காவலராக இருந்தவன் நான். உப்பு ஏறினால் கதவை இறக்க வேண்டும், வடிந்தால் தூக்க வேண்டும். உப்பளக்க இலாகா ஒரு கருவி கொடுத்திருந்தது. இரண்டாம் வருஷமே அது என்னிடம் தோற்றுப்போய், அவமானம் தாங்காமல் ஆற்றில் குதித்துவிட்டது.

“குதிக்கல. நீங்க கைதவறிப் போட்டீங்க,” என்பார் என் சம்பந்தி.

சம்பந்தி என்றால் மருமகளின் அப்பா. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருவில் வீடு. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு எங்கள் வீட்டில்தான் ஆஜர். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, “யார் பாத்தது?” என்று கேட்கிற ஆசாமி.

மருமகளுக்குப் பூஞ்சை ஆராய்ச்சி. தண்ணீருக்குள் வாழும் பூஞ்சைகள். குடைக்காளானை நினைத்துக்கொள்ளாதீர்கள், இவை ஊறிப்போன மரத்துக்குள் நூலைவிட மெல்லிசாக ஓடுகிறவை. ஒரே மரத்தில் அறுத்த இருபத்தைந்து கட்டைகளை வலைப்பையில் போட்டு, ஐந்து இடங்களில், இடத்துக்கு ஐந்தாக முக்கி வைத்திருந்தாள். முதல் இடம் நல்ல தண்ணீர், ஐந்தாம் இடம் சுத்தக் கடல், நடுவில் மூன்றும் கலவை. எந்த உப்பில் யார் குடியேறுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

“ஆத்துப் பூஞ்சைய கடல்ல விட்டா சுருண்டுடும் மாமா. கடல் பூஞ்சைக்கு நல்ல தண்ணி ஆகாது. நடுவுல இருக்கிறதுங்கதான் ரெண்டுக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்.”

“அப்ப நடுவுல இருக்கிறது நம்ம வீட்டு மாப்பிள்ளை மாதிரி,” என்றேன். மாப்பிள்ளை என்றால் என் பையன்தான். இந்த ஒரு விஷயத்தில் சம்பந்தியும் தலையாட்டினார்.

ஆறு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் கட்டைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தாள். சேறும் சகதியுமாக இருந்தவள், பின்கட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஒவ்வொரு கட்டையிலும் இடத்தின் எண் எழுதிய பிளாஸ்டிக் சீட்டு.

அங்கேதான் என் கை என்னைக் கேட்காமல் வேலை செய்தது. மதகில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பலகை தண்ணீரிலிருந்து வெளியே வந்தாலும், முதலில் சீட்டைக் கழற்றி வாளியில் போட வேண்டும், பிறகு நீளவாரியாக அடுக்க வேண்டும், பிறகு தேய்த்துக் கழுவ வேண்டும். முப்பத்துநான்கு வருஷம் அதைச் செய்த கை. சீட்டு இருபத்தைந்தும் வாளியில். கட்டைகள் அளவெடுத்தாற்போல வரிசையில். தேய்க்கிற பிரஷ்ஷை எடுக்கத் திரும்பினேன். ஈரத் தலையோடு மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

கத்தியிருந்தால் தேவலை. “ஆறு மாசம், மாமா,” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அன்றைக்கே ஒவ்வொரு கட்டையையும் அந்தந்த இடத்துத் தண்ணீர் ஊற்றிய பெட்டியில் போட்டாக வேண்டும். இடம் மாறிப் போட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும். ஆய்வகமோ திங்கட்கிழமைதான் திறக்கும்; உப்பளக்கும் கருவியும் அவள் குறிப்பேடும் அதற்குள்ளே.

“பூஞ்சையோட நிறத்தப் பாத்தே பிரிச்சுடலாமே?” என்றேன்.

“பூஞ்சைய வச்சு இடத்தச் சொல்லி, அப்புறம் அந்த இடத்துல இந்தப் பூஞ்சைன்னு எழுதினா, அது ஆராய்ச்சி இல்ல மாமா. ஏமாத்து.”

“கட்டை குடிச்ச உப்பு உள்ளேயேதானே இருக்கும்? நான் ருசி பாத்துச் சொல்றேன்.”

சம்பந்தி சிரித்த சிரிப்பில் கொடியில் கிடந்த துண்டு கீழே விழுந்தது. “கருவி குதிச்ச கதை மாதிரியா?”

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு வழியும் இல்லை.

ஒவ்வொரு கட்டையின் நடுவிலிருந்தும் ஒரே எடையில் மரத்தூள் சுரண்டி, ஒரே அளவு சுத்தமான தண்ணீரில் ஊறவைத்தாள். சம்பந்தி விடுவாரா? கட்டைக்கும் கிண்ணத்துக்கும் தானே ரகசிய எண் போட்டார். என் கண்ணைத் துண்டால் கட்டினார். பஞ்சால் மூக்கையும் அடைத்தார். “வாசனை பிடிச்சுச் சொல்லக் கூடாது,” என்றார். அவர் என்னை மாட்டிவிடச் செய்த ஒவ்வொன்றும் சரியான ஆராய்ச்சி முறையாம். மருமகள் பிற்பாடு சொன்னாள்.

ஒரு துளி, ஒரு கொப்பளிப்பு. மறுபடி ஒரு துளி. இந்த நாக்கு அன்றைக்கு ஆற்றை முழுசாக ஐந்து முறை ஏறி இறங்கியது. நான் சொல்லச் சொல்ல சம்பந்தி கோர்ட்டில் எழுதுகிற மாதிரி எழுதினார். இருபத்தைந்தும் முடிந்து கண்கட்டை அவிழ்த்தபோது அவர் முகத்தில் விளக்கேற்றியிருந்தது.

“மூணாம் இடம்னு ஆறு சொல்லியிருக்கீங்க. நாலாம் இடம்னு நாலுதான். இடத்துக்கு அஞ்சுதானே முக்கினது? மாட்டினீங்களா?”

மருமகள் முகம் வாடிவிட்டது. ஒன்று தப்பென்றால் மற்றதை எப்படி நம்புவது? கேள்விக்குரிய அந்தக் கிண்ணங்களை மறுபடி வாங்கி ருசித்தேன்.

“ஆறுதான்மா. உனக்காக வேணும்னா அஞ்சுன்னு சொல்லலாம். ஆனா நாக்கு ஆறுங்குது.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மூன்றாம் பெட்டியில் ஆறு கட்டைகளைப் போட்டு மூடினாள். திங்கட்கிழமை கருவியில் சரிபார்க்க, கிண்ணத்தில் மிஞ்சிய தண்ணீரை எண் போட்டுச் சின்னப் புட்டிகளில் அடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பமாட்டீர்கள், இரண்டு தட்டோடு எழுந்துவிட்டேன்.

திங்கள் மதியம் கதவு படாரென்று திறந்தது. மருமகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மாமா! இருபத்தஞ்சும் சரி! கருவி சொன்னதும் நீங்க சொன்னதும் ஒண்ணு!”

“அந்த ஆறு?” என்றார் சம்பந்தி.

அவள் குறிப்பேட்டை விரித்து நீட்டினாள். “முக்குற அன்னிக்கு நாலாம் இடத்துல ஒண்ணு கயிறு அறுந்து மிதந்துச்சுப்பா. தண்ணி இழுப்பு ஜாஸ்தி, திரும்பிப் போக முடியல. மூணாம் இடத்துலயே கட்டிட்டேன், நாலுன்னு இருந்த சீட்ட மட்டும் மாத்தல. எழுதியும் வச்சிருக்கேன். சுத்தமா மறந்துட்டேன்.”

சம்பந்தி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கையெழுத்து உன்னோடதுதானா?” என்று பெற்ற மகளையே குறுக்கு விசாரணை செய்தார். பிறகு சனிக்கிழமை தான் எழுதிய தாளை எடுத்தார். அடியில் ‘நம்பத்தக்கதல்ல’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். பேனாவைத் திறந்து அந்த வார்த்தையை மெதுவாக அடித்தார்.

“என்ன சம்பந்தி, இப்பவாவது நம்புறீங்களா?” என்றேன்.

“செருப்பு விஷயத்த இப்பவும் நம்பல. கருவி குதிச்சதையும் நம்பல,” என்றார். பேனாவை மூடிப் பையில் செருகினார். “ஆனா இது நடந்துச்சு. கண்ணக் கட்டினதே நான்தான். நடந்துச்சு.”