அறுநூறு எம்எம் லென்ஸும் பக்கத்து சீட்டும்

இசைவாணிக்கு கேமரா மாத்தணும். ரொம்ப நாளா இதே பேச்சுதான். பேச ஆளில்லாம யூடியூப் கமெண்ட்ல போயி பேசிக்கிட்டு கெடந்தா. கீரனூர்லேருந்து தெனம் பஸ் புடிச்சு திருச்சிக்குப் போயி, ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல பேப்பர் ஸ்கேன் பண்ற வேலை அவளுக்கு. கையில இருந்தது ஒரு பிகினர் டிஎஸ்எல்ஆர், கூட வந்த ரெண்டு லென்சு. பொழுது சாஞ்சாப் போதும், படமெல்லாம் ரவை கொட்டுன மாதிரி புள்ளி புள்ளியா வரும். பறக்குற காக்காய எடுன்னா பின்னாடி நிக்கிற கரண்டு கம்பத்த எடுக்கும்.

யூடியூப்ல ஒரு அண்ணன் சொன்னாரு, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி பழைய படத்தையெல்லாம் ஒரு ஆப்புல போட்டுப் பாருங்க, எந்த எம்எம்ல அதிகமா எடுத்திருக்கீங்களோ அதுக்குத் தக்கன வாங்குங்கன்னு. எம்எம் கம்மின்னா பக்கத்துல இருக்கறதுக்கு, ஜாஸ்தின்னா தூரத்துல இருக்கறதுக்கு, அம்புட்டுதான் கணக்கு. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து போட்டுப் பாத்தா. கிராஃப்ல ரெண்டே ரெண்டு மேடு. ஒன்னு அம்பதுல, இன்னொன்னு எரநூத்தம்பதுல. நடுவுல வெறும் பொட்டல்.

அம்பது மொத்தமும் காவ்யா. அதே பஸ்ல திருச்சிக்கு வந்துக்கிட்டிருந்தவ. பஸ்ல தூங்குற காவ்யா, சித்தன்னவாசல் பாறையில செருப்பக் கையில வச்சிக்கிட்டு நிக்கிற காவ்யா, "எடுத்தது போதும், வாய் கோணிக்கும்டி"ன்னு கைய நீட்டி மறைக்கிற காவ்யா. அவளுக்கு அறந்தாங்கில கல்யாணம் ஆச்சு, மாப்பிள்ளை கத்தார்ல, காவ்யாவும் அங்கயே போயிட்டா. அந்தக் கல்யாணத்தோட அம்பது முடியுது. அதுக்கப்புறம் எல்லாமே எரநூத்தம்பதுதான். பஸ் ஸ்டாண்டுல அங்கிட்டு நிக்கிறவங்க, கம்மாக்கு அந்தக் கரையில குளிக்கிறவங்க. ஒருத்தருகூட இவளப் பாக்கல. இசைவாணி லேப்டாப்ப மூடிட்டுப் போயி தண்ணி குடிச்சா.

சனிக்கெழம அரை நாள் ஆபீஸ். முடிச்சுட்டு நேரா திருச்சி கேமரா கடைக்குப் போனா. சேல்ஸ்ல ஜெபக்குமாருன்னு ஐடி கார்டு மாட்டுன ஒருத்தர் இருந்தாரு.

"என்ன மேடம் எடுப்பீங்க? கல்யாணமா, பறவையா?"

"மனுசங்க."

"எம்புட்டு தூரத்துல?"

"ரோட்டுக்கு அங்கிட்டு."

"சிஐடி வேலையா மேடம்?"ன்னு கேட்டுட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு. ரெண்ட எடுத்து வச்சாரு. ஒன்னு ஃபுல் ஃப்ரேம் கேமரா பாடி, அம்பது எம்எம் லென்ஸோட. இருட்டுலயும் பளிச்சுன்னு எடுக்கும். இன்னொன்னு அதவிட சின்ன பாடி, ஆனா நூத்தம்பதுலேருந்து அறுநூறு வரைக்கும் இழுக்குற லென்சு, முழங்கை நீளம். இவ காசுக்கு ரெண்டுல ஒன்னுதான் கட்டும்.

"மொதல்ல இதப் பாருங்க. முகத்தக் காட்டுனா தானா கண்ணப் புடிச்சுக்கும், கண்ணு மேல சின்னதா ஒரு பெட்டி விழும். கூட யாராச்சும் வந்திருக்காங்களா, நிக்க வச்சிப் பாக்கலாம்?"

"இல்ல."

"சரி, என்னையே எடுங்க."

எடுத்துக் கண்ணுல வச்சா. ஜெபக்குமாரு முகம் மொத்தமா உள்ள வந்து நின்னுச்சு. கண்ணுல பெட்டி விழுந்துச்சு. அந்தாளு இவளையே பாக்குறாரு. காவ்யாவுக்கப்புறம் இம்புட்டுக் கிட்டத்துல யாரு கண்ணும் இவளப் பாத்ததில்ல. வெரலு பட்டன்ல இருக்கு, அமுக்க வரல.

"நல்லாத்தான் இருக்கு. அதக் குடுங்க"ன்னு நீள லென்சு போட்டத வாங்கி வாசப்பக்கம் திருப்புனா. ரோட்டுக்கு அங்கிட்டு டீ மாஸ்டரு, அவரு நெத்தி வேர்வை வரைக்கும் தெரியுது. அவரு பாட்டுக்கு டீ ஆத்துறாரு. இசைவாணிக்கு மூச்சு சீரா வந்துச்சு.

"இதையே போடுங்க."

"பழைய பாடி, ரெண்டு லென்சு, எல்லாத்தையும் குடுத்தாத்தான் மேடம் எக்ஸ்சேஞ்ச்ல இந்த வெலைக்கு வரும்."

குடுத்துட்டா. சின்ன லென்ஸ் மூடியில காவ்யா ஒட்டுன ஸ்டிக்கர் பொட்டு இன்னும் இருந்துச்சு. மூடி மாறிடக் கூடாதுன்னு ஒட்டுனது. "பிச்சுத் தரவா மேடம்?"ன்னு ஜெபக்குமாரு கேட்டாரு. இருக்கட்டும்னுட்டா.

கடையில பில்லு போட்டு முடிக்கையிலேயே பொழுது சாஞ்சிருச்சு. பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சுது. கேமராவ மடியில வச்சு நோண்டிக்கிட்டே வந்தா. பக்கத்துல சித்தாளு வேலைக்குப் போயிட்டு வார ஒரு அக்கா, கையில சாப்பாட்டுத் தூக்கு, சேலையில சிமெண்டு.

"டிவிக்காரவுகளா தாயி?"

"இல்லக்கா. சும்மா எடுப்பேன்."

"என்னைய ஒன்னு எடேன். ஆதாரு கார்டுல நான் பேயி மாதிரி இருக்கேன்னு எம் மவன் சிரிக்கிறான்."

கேட்டுட்டு அந்தக்கா சேலைய இழுத்து விட்டு, முடிய ஒதுக்கி, இவளையே பாத்துக்கிட்டு உக்காந்துச்சு. இசைவாணி லென்ஸத் தூக்குனா. வெறும் பழுப்புக் கலரு. லென்சு கிர்ருன்னு முன்னாடி போவுது, பின்னாடி வருது, எதுவும் நிக்கல. அப்பத்தான் ஒறைச்சுச்சு. இந்த லென்ஸுக்கு ஆளு ரெண்டு மீட்டராச்சும் தள்ளி இருக்கணும்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா."

"எங்கிட்டுத் தள்ள, கண்டக்டர் மடிக்கா?"

"இல்லக்கா, கிட்டத்துல இருந்தா தெரிய மாட்டேங்குது."

"இம்புட்டுப் பெரிய பீரங்கிக்கு, பக்கத்துல இருக்க மனுசி தெரியலையாக்கும்."

"போன்ல எடுக்கவாக்கா?"

"போனுல எம் மவனே எடுப்பான். நீ இதுல எடுப்பேன்னுல்ல கேட்டேன்." கோவமெல்லாம் இல்ல. தூக்க மடியில வச்சிக்கிட்டு முன்னாடி பாத்து உக்காந்துக்கிச்சு. பை உள்ள சின்ன லென்சு இருக்கும்னு இவ கை தன்னால போயித் தடவுச்சு. பில்லும் துணியும்தான் இருந்துச்சு.

மாத்தூர்ல அந்தக்கா எறங்குச்சு. "வாரேன் தாயி." பஸ்ஸு கெளம்பல, யாரோ மூட்டை எறக்கிக்கிட்டிருந்தாங்க. அந்தக்கா பொட்டிக்கடை வெளிச்சத்துக்குப் போயித் திரும்பி நின்னுச்சு. இசைவாணி லென்ஸத் தூக்குனா. ஒரே இழுப்புல புடிச்சுக்கிச்சு. கண்ணுல பெட்டி விழுந்துச்சு. பட்டன அமுக்குனா. பஸ்ஸு நகந்துச்சு.

ஸ்க்ரீன்ல பெருசு பண்ணிப் பாத்தா. சேலையில ஒட்டுன சிமெண்டு, கலைஞ்ச முடி, எல்லாம் அவ்ளோ தெளிவு. அந்தக்கா லேசா சிரிச்சுக்கிட்டு இவளத்தான் தேடியிருக்கு. ஆனா ரெண்டு ஜன்னல் தள்ளி வேற ஜன்னலப் பாத்து சிரிச்சிருக்கு.

கேமரா ஸ்க்ரீன போன்ல படம் புடிச்சு காவ்யாவுக்கு அனுப்புனா. அதிசயமா ஒடனே பதில் வந்துச்சு. "செம்மடி. யாரு இது?"

"பேரு கேக்கல."

"தூரத்துலேருந்து எடுத்தியா?"

"இல்லடி. இம்புட்டு நேரம் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க."

இசைவாணி கேமராவப் பையில போட்டு, காலியா இருந்த சீட்டுல வச்சா.

"யம்மா, பைய மடியில வையி"ன்னாரு கண்டக்டரு. "ஆளு உக்காரணும்ல."

பையத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு, இசைவாணி ஜன்னல் பக்கம் ஒட்டிக்கிட்டா.